கொரில்லாவும் குருவியும் பாக்க உகாண்டா போலாமா? வாசகர் கேள்விகள், பதில்கள்

போன இதழ்ல ப்விண்டி காட்டைப் பத்தி ஒரு பாரா எழுதியிருந்தேன், உகாண்டாவோட தென்மேற்கு மூலைல இருக்கற மழைக்காடு, மலை கொரில்லா இருக்கற இடம்னு. அதுக்கு வந்த கேள்வில பாதிக்கு மேல நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருந்துதான். ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணா சேத்து பதில் சொல்றேன்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ரிட்டயர்டு டீச்சர்ஸ். கொரில்லாவ ஒரு தடவையாவது நேர்ல பாத்துடணும்னு எனக்கு சின்ன வயசு ஆசை. ஒரு மணி நேரம் பாக்க ஆளுக்கு 800 டாலர்னு டிராவல்ஸ்காரர் சொல்றாரு. நிஜமா? அவ்ளோ குடுத்து போறது சரியா? (வாசகி, காரிமங்கலம்)

பதில்: நிஜம்தான் டீச்சர். 2024 ஜூலைல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு பர்மிட் மட்டும் 800 டாலர், நம்ம காசுக்கு 70 ஆயிரம் கிட்ட வந்துரும், ஃப்ளைட்டு, லாட்ஜ், வண்டியெல்லாம் தனி. பக்கத்துல ருவாண்டால இதே மலை கொரில்லாவ பாக்க 1500 டாலர், 2017ல இருந்து அங்க அந்த ரேட்டு. அதனாலதான் நம்மள மாதிரி ஆளுங்க உகாண்டா பக்கம் போறது.

இவ்ளோ காசு எதுக்குன்னு கேட்டா, மலை கொரில்லா உலகத்துலயே ரெண்டே எடத்துலதான் இருக்கு. ஒண்ணு ப்விண்டியும் அதை ஒட்டி காங்கோ பக்கம் இருக்கற துண்டு காடும், இன்னொண்ணு உகாண்டா ருவாண்டா காங்கோ மூணு நாடும் சேர்ற விருங்கா எரிமலைங்க. 2019 கடைசில வந்த கணக்குப்படி மொத்தமே 1063 தான், அதுல ப்விண்டி பக்கம் 459. எந்த ஜூவுலயும் மலை கொரில்லா கிடையாது, ஜூல நாம பாக்கறது தாழ்வான காட்டுல இருக்கற வேற வகை. அதனால பாக்கணும்னா அந்த மலை ஏறித்தான் ஆகணும்.

அங்க நடக்கறது எப்படின்னா, காலைல 8 மணிக்குள்ள உங்கள ஒரு எடத்துல கூட்டி வச்சு ரூல்ஸ் சொல்லுவாங்க, ஒரு கொரில்லா குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 8 பேருக்கு மேல விடமாட்டாங்க, அந்த 8 பேரும் ஒரே குரூப்பா ஒரே தடவை. நீங்க டீ குடிச்சிட்டு இருக்கறப்பவே டிராக்கருங்க காட்டுக்குள்ள போயிருப்பாங்க. முந்தின நாள் அந்தக் குடும்பத்தை எங்க விட்டுட்டு வந்தாங்களோ அங்க போயி ராத்திரி படுக்கைய தேடுவாங்க, ஏன்னா கொரில்லா தினமும் சாயங்காலம் இலை தழை கிளையெல்லாம் வளைச்சு புதுசா ஒரு படுக்கை போட்டுத்தான் தூங்கும், ஒரு தடவை படுத்ததுல மறுபடி படுக்காது. அங்கிருந்து ஒடிஞ்ச தண்டு, சாணி, மிதிபட்ட புல்லுன்னு பாத்துட்டே போயி கண்டுபிடிச்சதும் ஒயர்லெஸ்ல உங்க கைடுக்கு சொல்லுவாங்க. சில நாள் அரை மணி நேரத்துல கெடைச்சுரும், சில நாள் அஞ்சாறு மணி நேரம் ஏறி இறங்கணும், அது நம்ம கைல இல்ல.

கிட்ட போனதும் பேக்கு, கைத்தடி எல்லாத்தையும் போர்ட்டர்கிட்ட குடுத்துட்டு மாஸ்க் போட்டுக்கணும். முதல்ல நமக்கு தெரியறது வாசனைதான், வேர்வையும் புகையும் கலந்த மாதிரி ஒரு கனமான வாடை, அப்புறம் கிளை ஒடியற சத்தம். நான் போன அன்னிக்கு ஒரு பொம்பளை கொரில்லா எங்களுக்கு முதுகு காட்டி உக்காந்து, ஒரு பச்சைத் தண்டை பல்லுல கவ்வி, தோலை ஒரு பக்கமா இழுத்து உரிச்சு கீழ போட்டுட்டு உள்ள இருக்கற சோத்த மட்டும் மென்னுது, அவசரமே இல்ல. விரல் நகமெல்லாம் அப்படியே நம்ம நகம், கறுப்பா, ஓரத்துல மண்ணு. அது முதுகுமேல இருந்த குட்டி எங்கள ஒரு நிமிஷம் பாத்துட்டு அம்மா முடிக்குள்ள மூஞ்சிய புதைச்சுக்கிச்சு. ரேஞ்சர் தொண்டைய செருமற மாதிரி 'ம்ம்ம்ஹ்ம்'னு ஒரு சத்தம் குடுத்துட்டே இருந்தாரு, கொரில்லாங்க சாப்பிடறப்ப ஒண்ணுக்கொண்ணு 'இங்கதான் இருக்கேன், பயப்படாத'ன்னு குடுக்கற சத்தமாம் அது. புதருக்குள்ள இருந்து பெரிய ஆம்பளை கொரில்லாவும் அதே சத்தத்துல பதில் குடுத்துச்சு. அதைக் கேட்டப்ப எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு டீச்சர், மறைக்க ஒண்ணுமில்ல.

சரியா தப்பான்னு கேட்டீங்க. கடன் வாங்கியோ நகைய வச்சோ போகாதீங்க. சேத்து வச்ச காசு இருக்கு, உடம்பு ஒத்துழைக்குதுன்னா தாராளமா போங்க. ஆனா டிராவல்ஸ்காரங்க குடுக்கற மூணு நாள் பேக்கேஜ்ல போகாதீங்க, ஒரு நாள் பூரா வண்டில, ஒரு மணி நேரம் கொரில்லா, மறுபடி ஒரு நாள் வண்டில, அதுல காட்டையே பாக்க முடியாது. ரெண்டு நாள் கூடுதலா தங்குங்க, காசும் பெருசா ஏறாது. அந்த ஒரு மணி நேரம் எதுக்காக இவ்ளோ பாதுகாக்கப்படுதுன்னு காட்டுக்குள்ள சும்மா நடந்தாத்தான் புரியும்.

கேள்வி: எனக்கு 62 வயசு, முட்டி வலி உண்டு. மலை ஏற முடியுமா? பேத்திக்கு 12 வயசு, கூட கூட்டிட்டு போலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: பேத்திய கூட்டிட்டு போக முடியாதுங்க ஐயா, 15 வயசு ஆகியிருக்கணும், பாஸ்போர்ட்ட பாத்துத்தான் விடுவாங்க. சின்னப் பசங்ககிட்ட இருந்து அம்மை, சளியெல்லாம் கொரில்லாவுக்கு ஈஸியா தொத்தும், அதான் முக்கிய காரணம்.

முட்டி விஷயம்: வழின்னு ஒண்ணு சரியா இருக்காது, கொடியும் சேறும்தான், ஏறறத விட இறங்கறதுதான் முட்டிய வாங்கும். புக் பண்றப்பவே சொல்லிருங்க, கிட்ட இருக்கற குடும்பத்துக்கு அனுப்ப பாப்பாங்க, ஆனா கேரண்டி கிடையாது. கட்டாயம் ஒரு போர்ட்டர் வச்சுக்கங்க, அந்த ஊர் பையனோ பொண்ணோ பேக்கையும் தூக்கி, வழுக்கற எடத்துல கையும் குடுத்து இழுத்துட்டு போவாங்க, 20 டாலர் கிட்ட குடுக்கணும், அந்தக் காசு நேரா அவங்க வீட்டுக்கு போகுது. சுத்தமா நடக்க முடியாதவங்கள நாற்காலில வச்சு ஆளுங்க மாத்தி மாத்தி தூக்கிட்டு போற வசதியும் இருக்கு, அதுக்கு நல்ல காசு ஆகும். முழுக்கால் பேண்ட் போட்டு சாக்ஸுக்குள்ள சொருகிக்கங்க, அங்க இருக்கற எறும்பு படை படையா போகும், கடிச்சா விடாது. தோட்டக்காரங்க போடற கையுறையும் வேணும், காஞ்சொறி மாதிரி செடி நெறைய.

கேள்வி: நான் ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. லீவு கெடைச்சா அய்யூர், மேலகிரி பக்கம் பறவை பாக்க போவேன், மஞ்சத்தொண்டை சின்னான பாத்த அன்னிக்கு தூக்கமே வரல. எனக்கு கொரில்லாவ விட அங்க இருக்கற பறவைதான் முக்கியம். எங்க தங்கணும், என்ன பாக்கலாம்? (வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, உங்க லெட்டர படிச்சதும் இந்த வாரப் பக்கம் பூரா உங்களுக்கே குடுத்துரலாம்னு தோணுச்சு. ப்விண்டி 330 சதுர கிலோமீட்டர் கிட்டதான், நம்ம காவேரி தெற்கு சரணாலயத்துல பாதி கூட வராது, ஆனா அதுக்குள்ள 350 வகை பறவை இருக்கு. காரணம் என்னன்னா காடு 1160 மீட்டர்ல ஆரம்பிச்சு 2600 மீட்டர் வரைக்கும் ஏறுது, கீழ இருக்கற பறவை வேற, மேல இருக்கறது வேற. அதுல 23 வகை, உகாண்டா காங்கோ எல்லைய ஒட்டி நீளமா ஓடற ஆல்பர்ட்டைன் பிளவுப் பள்ளத்தாக்கு மலைகள விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது.

காட்டுக்கு நாலு வாசல்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ. பறவைக்குன்னு போறவங்க புஹோமாலயும் ருஹிஜாலயும் பிரிச்சு தங்கணும். புஹோமா தாழ்வான பக்கம், ஆத்தோரமா அகலமான பாதை, நின்னு நிதானமா பாக்கலாம். ருஹிஜா நம்ம ஊட்டி உயரத்துக்கு இருக்கு, ராத்திரி குளிர் எலும்புல இறங்கும், ஸ்வெட்டர் வேணும். ருஹிஜால இருந்து முப்விண்டி சதுப்பு நிலத்துக்கு ஒரு பாதை இறங்குது, அதுலதான் பச்சை அகலவாயன் இருக்கு, ஆங்கிலத்துல கிரவர்ஸ் பிராட்பில்னு சொல்றது. உள்ளங்கைல அடங்கற குருவி, இலைப் பச்சை உடம்பு, தொண்டைல வெளிர் நீலம். ப்விண்டியையும் காங்கோ கிழக்கு மலைகளையும் விட்டா வேற எங்கயும் இல்ல. நம்ம ஊருக்கு மழை முடிஞ்சு வருமே ஆறுமணிக்குருவி, அதுக்கு தூரத்து சொந்தம் இது, ரெண்டும் ஒரே பெரிய கிளைல வர்ற பறவைங்கதான்.

இறங்கறது சுலபம், திரும்பி ஏறறப்ப மூச்சு வாங்கும், ஒரு நாள் பூரா அதுக்கே ஒதுக்குங்க. கீழ சதுப்புல கோரைக்குள்ள இன்னொரு அபூர்வம் இருக்கு, கிரவர்ஸ் சதுப்பு கதிர்க்குருவி, சத்தம் கேக்கும், ஆளு வெளிய வர மனசு வைக்கணும்.

சுலபமா கண்ணுல படறதுல எனக்கு ரொம்ப புடிச்சது பெரிய நீல டுராகோ. நம்ம மயில்ல பாதி இருக்கும், உடம்பு பெரும்பாலும் நீலம், தலைல கறுப்பு கொண்டை, மஞ்சளும் சிவப்பும் கலந்த அலகு. பறக்க அவ்ளோ வராது, கிளைமேல அணில் மாதிரி ஓடி ஓடி போகும். டுராகோ குடும்பமே ஆப்பிரிக்காவுக்கு வெளிய கிடையாது. அதே காட்டுல கறுப்பலகு டுராகோன்னு பச்சையா ஒண்ணு இருக்கு, அது ரெக்கைய விரிச்சா ரத்தச் சிவப்பு, அந்தச் சிவப்புல செம்பு இருக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, டுராகோங்களுக்கு மட்டுமே இருக்கற நிறமி அது. கறுப்பு பஞ்சுருட்டான், பட்டைவால் ட்ரோகன், தேன்சிட்டுல மட்டும் பல தினுசு, எழுதிட்டே போகலாம்.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க. மழைக்காட்டுல பறவை, வெட்டவெளில பாக்கற மாதிரி வராது. ஒரு மணி நேரம் ஒண்ணுமே இருக்காது, திடீர்னு கலப்புக் கூட்டம் ஒண்ணு வந்து ரெண்டு நிமிஷத்துல பதினஞ்சு வகை தலைக்கு மேல போயிரும், மேலகிரில குளிர்காலத்துல நீங்களே பாத்திருப்பீங்க. காதுதான் அங்க கண்ணு. போறதுக்கு முன்னாடி மெர்லின் ஆப்ல அந்த ஊர் பறவைங்க குரல ஷிப்ட் பஸ்ல போறப்ப கேட்டுக் கேட்டு பழகிருங்க. உள்ளூர் பறவை கைட கண்டிப்பா வச்சுக்கங்க, புஹோமா பசங்க குரல வச்சே எந்த மரத்துல எந்தக் கிளைல இருக்குன்னு காட்டுவாங்க. பறவை நடைக்கு கொரில்லா பர்மிட் தேவையில்ல, அதோட செலவு ரொம்பவே கம்மி. அப்புறம் உகாண்டா ஏர்போர்ட் இருக்கற எண்டெபில இறங்கினதுமே பக்கத்துல மபாம்பா சதுப்புக்கு ஒரு காலை நேரம் ஒதுக்குங்க, மரப்படகுல போனா ஷூபில்னு சொல்ற செருப்பலகு நாரைய பாக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

கேள்வி: எங்களுக்கு காட்டோரம் நிலம். ராகி கதிர் முத்தற நேரத்துல யானை வந்துரும், பரண்ல ராத்திரி பூரா கண்ணு முழிச்சு காவல், இருந்தும் விடிஞ்சா பாதி வெள்ளாமை காலி. நஷ்ட ஈடு எப்ப வரும்னு தெரியாது. கொரில்லாவுக்காக இத்தன பேரு காசு குடுக்கறாங்களே, அந்தக் காட்டோரத்துல இருக்கற விவசாயிக்கு என்ன கெடைக்குது? (வாசகர், அஞ்செட்டி)

பதில்: அண்ணா, வந்த கேள்வியிலேயே இதான் எனக்கு முக்கியமா படுது.

ப்விண்டிய சுத்தி நம்ம ஊர விட நெருக்கமா ஜனம் இருக்கு. காட்டு எல்லை எங்க முடியுதோ அங்கேயே வாழைத் தோட்டம், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆரம்பிச்சுரும், நடுவுல ஒரு அடி இடம் கிடையாது. கொரில்லாவும் வெளிய வரும், வாழை மரத்த பொளந்து உள்தண்ட தின்னுட்டு போயிரும். அதுக்கு ஊர்ல இருந்தே தன்னார்வலருங்க படை ஒண்ணு வச்சிருக்காங்க, கொரில்லா தோட்டத்துக்குள்ள வந்தா அடிக்காம, கல்லு விடாம, மெதுவா நெருக்கி காட்டுக்குள்ள திருப்பி அனுப்பறது அவங்க வேலை. சில எடத்துல எல்லையோரம் தேயிலை போட்டிருக்காங்க, கொரில்லா தேயிலைய தொடாது.

காசுன்னு பாத்தா, பார்க் நுழைவுக் கட்டணத்துல 20 சதவீதம் சுத்தி இருக்கற ஊருங்களுக்கு போகணும்னு சட்டம், அதோட ஒவ்வொரு கொரில்லா பர்மிட்ல இருந்தும் 10 டாலர். பள்ளிக்கூடம், ரோடு, ஆட்டுக்குட்டி குடுக்கறதுன்னு அது செலவாகுது. டிராக்கர், ரேஞ்சர், போர்ட்டர், லாட்ஜ் வேலைன்னு சம்பளமும் ஊருக்குள்ள வருது. போதுமான்னு கேட்டா போதாதுன்னுதான் சொல்லுவேன், 800ல 10 ங்கறது என் மனசுக்கு ஒப்பல, பயிர் போன வீட்டுக்கு அது போய் சேர்றதுக்குள்ள பல கை மாறுது. ஆனாலும் எதுவுமே இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல, கொரில்லா உயிரோட இருந்தாத்தான் நம்ம வீட்ல அடுப்பு எரியும்னு அங்க நெறைய பேருக்கு தோண வச்சிருக்கு. 2020ல கொரோனாவால டூரிஸ்ட் வரத்து நின்ன சமயம், ஜூன் மாசம் ரஃபிகின்னு பேர் வச்சிருந்த பெரிய ஆம்பளை கொரில்லாவ ஒரு வேட்டைக்காரர் ஈட்டியால குத்திக் கொன்னுட்டாரு, சின்ன மிருகம் புடிக்க போனப்ப நடந்துச்சுன்னு சொன்னாரு, 11 வருஷம் ஜெயில் தண்டனை ஆச்சு. வருமானம் நின்னா காட்டுக்குள்ள கால் வைக்கறவங்க கூடுவாங்கன்னு அது எல்லாருக்கும் புரிய வச்சுது.

அங்க இன்னொரு கதையும் இருக்கு, நீங்க தெரிஞ்சுக்கணும். 1996ல கொரில்லாங்களுக்கு முடி கொட்டி தோல் வெடிச்சு ஒரு குட்டி செத்துப் போச்சு, பாத்தா சொறி சிரங்கு, மனுஷங்ககிட்ட இருந்து வந்தது. தோட்டத்துல நாம சோளக்கொல்லை பொம்மை நட்டு பழைய சட்டைய மாட்டுவோமே, அதே மாதிரி அங்க மாட்டின துணிய கொரில்லா தொட்டதுல வந்திருக்கும்னு நெனச்சாங்க. அப்ப அங்க வேலை பாத்த உகாண்டா கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா ஸிகுசோகா, ஊர் ஜனம் ஆரோக்கியமா இல்லாம கொரில்லாவ காப்பாத்த முடியாதுன்னு முடிவு பண்ணி 2003ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, வீடு வீடா போயி சுகாதாரம், குடும்ப நலம், காசநோய்னு பாக்கறாங்க. காட்டோரம் காப்பி போடற விவசாயிங்ககிட்ட நல்ல விலைக்கு வாங்கி கொரில்லா பேர்லயே வெளிநாட்டுக்கு விக்கறாங்க. நம்ம வத்தல்மலைலயும் காப்பி இருக்கு, யானைப் பாதைய ஒட்டின ஊர் விளைச்சலுக்கு அப்படி ஒரு பேரும் விலையும் கெடைக்க யாராவது முயற்சி பண்ணணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

எல்லாம் நல்லபடியா நடந்துச்சுன்னு சொல்லிட்டா பொய்யாயிரும். 1991ல அதை தேசியப் பூங்கான்னு அறிவிச்சப்ப, தலைமுறை தலைமுறையா காட்டுக்குள்ளயே தேன் எடுத்து வேட்டையாடி வாழ்ந்த பட்வா ஜனங்கள வெளிய அனுப்பிட்டாங்க, பெரும்பாலானவங்களுக்கு நிலம் கூட குடுக்கல. இன்னிக்கும் அவங்க ரொம்ப கஷ்டத்துலதான் இருக்காங்க. போறவங்க பட்வா ஆளுங்களே கூட்டிட்டு போற காட்டு நடைக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்க, காசு அவங்க கைக்கே போகுதான்னு முன்னாடியே விசாரிச்சுட்டு போங்க.

கேள்வி: கொரில்லா பாய்ஞ்சு வந்தா என்ன பண்றது? (பிளஸ் ஒன் மாணவன், பென்னாகரம்)

பதில்: ஓடக்கூடாது தம்பி, அது ஒண்ணுதான் ரூல். பழக்கப்படுத்தின குடும்பத்ததான் காட்டுவாங்க, ரெண்டு வருஷத்துக்கும் மேல தினம் ஆளுங்க போயி உக்காந்து உக்காந்து பழக்கினது. இருந்தும் எப்பவாவது ஆம்பளை கொரில்லா நெஞ்சுல தட்டிட்டு நாலடி ஓடி வரும், பெரும்பாலும் மெரட்டல்தான். அப்படியே குனிஞ்சு உக்காந்து கண்ண கீழ பாத்து ரேஞ்சர் சொல்றத கேட்டா போதும். 10 மீட்டர் தள்ளி நிக்கணும்னு சொல்றது நமக்காக இல்ல, அதுக்காக.

கேள்வி: தடுப்பூசி, விசா, சாப்பாடு பத்தி சொல்லுங்க. நாங்க சுத்த சைவம். ஜலதோஷம் இருந்தா நெஜமாவே விடமாட்டாங்களா? (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: ஜலதோஷத்துல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுலதான் நம்ம ஆளுங்க ஏமாத்த பாக்கறாங்க. இருமல், காய்ச்சல் இருந்தா விடமாட்டாங்க, விடவும் கூடாது. நமக்கு மூணு நாள் மூக்கு ஒழுகற கிருமி, அந்தக் குடும்பத்தையே நிமோனியால படுக்க வச்சிரும், அதுங்களுக்கு அந்த எதிர்ப்பு சக்தி கிடையாது. மாத்திரை போட்டு இருமல அமுக்கிட்டு போகாதீங்க அக்கா, தயவு செஞ்சு. உடம்பு சரியில்லன்னு முன்னாடியே சொன்னீங்கன்னா காசுல ஒரு பங்கு திரும்பி வர, இல்ல வேற தேதி கெடைக்க வழி இருக்கான்னு புக் பண்றப்பவே கேட்டு வச்சுக்கங்க.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்ட பத்து நாள் கழிச்சுத்தான் செல்லுபடி, அப்புறம் ஆயுசுக்கும் போதும். அந்த மஞ்சள் கார்டு இல்லாம திரும்பி வந்தா இந்தியால ஏர்போர்ட்லயே புடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. சாதாரண ஆஸ்பத்திரில போடமாட்டாங்க, அரசு அனுமதிச்ச மையத்துலதான், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கு, பெங்களூருலயும் மையம் இருக்கு, உங்களுக்கு அதான் பக்கம். 60 வயசு தாண்டினவங்க, முட்டை அலர்ஜி இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர கேக்காம போட்டுக்காதீங்க. மலேரியா மாத்திரையும் கேளுங்க.

விசா ஆன்லைன்லதான், உகாண்டாவுக்கு மட்டும்னா 50 டாலர், கென்யா ருவாண்டா சேத்து போறதா இருந்தா 100 டாலர்ல ஒரே விசா. எண்டெபி ஏர்போர்ட்ல இறங்கினா ப்விண்டிக்கு ரோட்ல 8 மணி நேரத்துக்கு மேல ஆகும், ருவாண்டா தலைநகர் கிகாலில இறங்கி வந்தா பாதிதான். இன்னொண்ணு, இதுல நெறைய பேரு மாட்டிக்கறாங்க: பர்மிட் ருஷாகாவுக்கு எடுத்துட்டு லாட்ஜ் புஹோமால போட்டுருவாங்க. மேப்ல பக்கம்தான், ரோட்ல பல மணி நேரம். பர்மிட் எந்த வாசலோ அங்கேயே தங்கணும்.

சாப்பாட்டுக்கு கவலையே வேணாம். மட்டோகின்னு வாழைக்காய வேக வச்சு மசிச்சு வைப்பாங்க, கூட பீன்ஸ் குழம்பு, நெலக்கடலை குழம்பு. போஷோன்னு மக்காச்சோள மாவுல களி, நம்ம ராகிக் களி சாப்பிட்டவங்களுக்கு முதல் வாய்லயே புடிச்சுரும். சப்பாத்தி எல்லா தெருவுலயும் சுடறாங்க, அதுல முட்டைய சுருட்டி ரோலெக்ஸ்னு விப்பாங்க, முட்டை வேணாம்னு முன்னாடியே சொல்லிருங்க. ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துட்டு போங்க, மலை இறங்கி வந்ததும் தேடும்.

கேள்வி: எந்த மாசம் நல்லது? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: ஜூன்ல இருந்து ஆகஸ்ட், இல்லன்னா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி. மழைக்காடுதான், மத்த மாசத்துலயும் போலாம், சேறுதான் அதிகம். காஞ்ச மாசத்துக்கு பர்மிட் சீக்கிரம் தீந்துரும், பல மாசம் முன்னாடியே எடுத்துருங்க.

கேள்வி: காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன், விலங்கியல். இந்த மாதிரி குரங்கினம் பத்தி வேலை செய்ய ஆசை, ஆனா வீட்ல ஆப்பிரிக்கா போற அளவுக்கு வசதி இல்ல. (மாணவி, அரூர்)

பதில்: உனக்கு ஆப்பிரிக்கா போக வேண்டிய அவசியமே இல்லம்மா இப்போதைக்கு. வாலில்லாக் குரங்கு நம்ம நாட்லயே இருக்கு, ஹூலக் கிப்பன், அஸ்ஸாமும் அதை சுத்தின வடகிழக்கு மாநிலங்களும்தான் அதோட வீடு. ஜோர்ஹாட் மாவட்டத்துல மரியானி ஸ்டேஷன்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஹொல்லோங்காபார் கிப்பன் சரணாலயம் இருக்கு, 21 சதுர கிலோமீட்டர் கூட முழுசா இல்ல, சுத்தி தேயிலைத் தோட்டம். நடுவுல ரயில் பாதை போகுது, மரத்துக்கு மரம் கையால ஊஞ்சலாடியே போற மிருகத்துக்கு அந்த வெட்டவெளிய தாண்டறது பெரிய சிக்கல், அதை சரி பண்ண இப்பவும் ஆளுங்க வேலை செஞ்சிட்டு இருக்காங்க. காலைல கிப்பன் ஜோடி சேந்து கூவறத காட்டு எல்லைக்கு வெளிய நின்னே கேக்கலாம். ரயில்ல போயிட்டு வர்ற செலவுதான்.

அதுக்கும் முன்னாடி சித்தேரி மலை உனக்கு பக்கத்துலயே இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரே பாதைல போயி, எந்தக் குரங்கு எந்த மரத்துல என்ன தின்னுச்சு, எத்தன மணிக்குன்னு ஒரு நோட்ல எழுது. ஒரு வருஷ நோட்டோட மேல்படிப்புக்கு விண்ணப்பிச்சா, சும்மா ஆசைன்னு எழுதறவங்கள விட உன்ன முதல்ல கூப்பிடுவாங்க. எழுத ஆரம்பிச்சதும் ரெண்டு பக்கம் எனக்கு அனுப்பு, படிச்சிட்டு பதில் போடறேன்.